ஒரு காலுக்கு மூன்று வேலை

கல்யாணமான புதிதில் தையல்காரிக்கு ஓர் ஆசை இருந்தது. முன்னறையில் ஒரு சோபா போட வேண்டும், ஜன்னலுக்குத் தன் கையால் தைத்த திரையைத் தொங்கவிட வேண்டும். திரை வந்துவிட்டது. சோபா வர வேண்டிய இடத்தில் வெல்டிங் மெஷின் வந்து உட்கார்ந்தது. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் அவள் கணவர். அந்தக் கொஞ்ச நாளில் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்து, படித்து, வெளியூருக்கு வேலைக்கே போய்விட்டாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிக்குள் கம்பிவடமும் கப்பியுமாகக் கிடப்பார். சாயங்காலம் டீயைக் குடித்த கையோடு பழைய சட்டைக்கு மாறி முன்னறைக்குள் நுழைந்தால், வயிறு கூப்பிட்டால்தான் வெளியே வருவார். காயலான் கடைக்குப் போகிற மோட்டார் சைக்கிளை வழிமறித்துக் கொண்டுவந்து, வெட்டி, ஒட்டி, வளைத்து, பெற்ற கம்பெனிக்கே அடையாளம் தெரியாமல் ஆக்குவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. முன்சக்கரத்தை ஒரு முழம் தள்ளி வைத்து ஒரு வண்டி. இரண்டு டேங்குகளைப் பாதி பாதியாக அறுத்து ஒன்றாக்கி இன்னொரு வண்டி. தெருவுக்குத் தொந்தரவில்லாமல் ஓடட்டும் என்று அவள் கேட்டுக்கொண்டதற்காக, சைலன்ஸரைத் தானே தகட்டில் சுருட்டி ஒரு வண்டி செய்தார். ஏனோ அதுதான் எல்லாவற்றையும்விடக் கூடுதலாக இரைந்தது.

பாத்திரம் கழுவும் தொட்டியில் கார்புரேட்டர் ஊறும். துணிக்கொடியில் அவள் தைத்த திரைகளுக்கு நடுவே பெயிண்ட் காயும் மட்கார்டு ஆடும். ஒருமுறை அவள் ஆசையாக வாங்கிய ரொட்டி சுடும் அடுப்பில், பெயிண்ட் இறுகட்டும் என்று பெட்ரோல் டேங்கின் மூடியை வைத்துச் சுட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க ரொட்டியில் பெயிண்ட் வாசனை.

"உங்க வண்டில ரொட்டி வாசனை வருதா?" என்று கேட்டாள், குத்தலாக.

அவர் குனிந்து மூடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "லேசா வருது" என்றார்.

இந்த மனுஷரிடம் எப்படிக் கோபத்தைக் காப்பாற்றி வைப்பது? அவளால் முடிந்ததேயில்லை. போகப் போக வண்டிகளுக்கு சீட் தைத்துக் கொடுக்கிற வேலையும் அவள் தலையில் வந்து விழுந்தது. வாய் முணுமுணுத்தாலும் கை பிசகாமல் தைத்தது.

அவர் மேல் கோபத்தை அணையாமல் காப்பாற்றி வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. அவளுடைய அண்ணன். மரக்கடையில் வேலை. அப்பா போன பிறகு, அப்பாவின் மோட்டார் சைக்கிளைத் தங்கை வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். அது துருப்பிடித்துப் போகிறதே என்று லிஃப்ட்காரருக்கு மனசு கேட்கவில்லை. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வாலை வெட்டி, ஹாண்டிலை மாற்றி, நல்ல சிவப்பில் பெயிண்ட் அடித்து, மச்சான் வந்து பார்த்து அசந்துபோவார் என்று வாசலில் நிறுத்தினார். மச்சான் வந்தார், பார்த்தார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அப்பா வண்டியக் கசாப்பு போட்டுட்டீங்களே மாப்ளே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அதன் பிறகு பேச்சே இல்லை. ஒரே அறையில் இருக்க நேர்ந்தாலும், "உன் வீட்டுக்காரர அந்த நாற்காலியக் கொஞ்சம் நகத்தச் சொல்லு" என்று தங்கை வழியாகத்தான் சேதி போகும். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற குடும்பம் அது. தையல்காரிக்கும் அந்த ரத்தம்தான் என்பதால் அண்ணனைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

அப்படியிருக்கையில் மரக்கடையில் லாரியிலிருந்து மரத்தடிகள் சரிந்தன. அண்ணனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. செயற்கைக் கால் பொருத்தினார்கள். ஊன்றி நடக்கப் பழகினார். கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கொடுத்தார்கள். எல்லாம் ஒருவழியாக ஒழுங்குக்கு வந்தது, அவருடைய சொந்த மோட்டார் சைக்கிளைத் தவிர.

"தினமும் போய்த் துடைக்கிறார்" என்றாள் அண்ணி. "ஸ்டார்ட் பண்றார். ஏறி உட்கார்றதில்ல. பக்கத்துல நின்னு சத்தத்தக் கேக்குறார், அப்புறம் அணைச்சுட்டு உள்ள வந்துடுறார். என்னால பாக்கவே முடியல."

தையல்காரி வீட்டுக்கு வந்து, தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இதைச் சொன்னாள். லிஃப்ட்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர் வேலை நடுவில் ஸ்பேனரைக் கீழே வைப்பது அபூர்வம்.

"கியர் இடது கால்லதான போடணும்" என்றார் தனக்குத்தானே. பிறகு அவளைப் பார்த்து, "அந்த வண்டிய இங்க கொண்டுவர முடியுமா?"

அண்ணியும் நாத்தனாரும் கூடிப் பேசிக்கொண்டார்கள். அண்ணன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வண்டி இங்கே வந்து சேர்ந்தது. சர்வீசுக்கு விட்டிருப்பதாக அண்ணி சொன்னாளாம். எங்கே விட்டிருக்கிறது என்று அண்ணன் கேட்கவே இல்லை. கேட்காததிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று இரண்டு பெண்களுக்கும் புரிந்தது.

இன்ஜினுக்கு அடியில் குறுக்காக ஒரு தண்டு ஓட்டி, கியர் மிதியை வலது பக்கத்துக்குக் கொண்டுவந்தார் லிஃப்ட்காரர். வலது காலுக்கு ஏற்கெனவே இருந்த பிரேக் மிதிக்குப் பக்கத்திலேயே அது அழகாக உட்கார்ந்துகொண்டது. அண்ணியோடு பார்க்க வந்த அண்ணன் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"கிளட்ச் இறுக்கமா இருக்குன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்றார் தங்கையிடம்.

பக்கத்திலேயே நின்ற லிஃப்ட்காரர் கிளட்சைத் தளர்த்தினார்.

அண்ணன் ஏறினார். வண்டி தெருமுனை வரை போய்த் திரும்பியது. வரும்போது அவர் முகத்தில் விபத்துக்கு முந்தைய களை. தையல்காரி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டருகே வந்து வண்டியை நிறுத்தினார். நின்ற வண்டி அப்படியே இடது பக்கம் சாய்ந்து, பூந்தொட்டிகளின் மேல் அவரோடு சேர்ந்து விழுந்தது.

ஓடிப்போய்த் தூக்கப்போன லிஃப்ட்காரரை அவர் தடுத்தார். "தொடாதீங்க! எனக்கு ஏதாவது செய்யணும்னு உங்ககிட்ட யார் கேட்டா? அப்பா வண்டிய முடிச்சாச்சு, அடுத்து நானா?"

பல வருஷத்துக்குப் பிறகு அவர் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசிய பேச்சு அதுதான். அண்ணியோடு வாடகைக் காரில் ஏறிப் போய்விட்டார்.

தையல்காரி உடைந்த தொட்டிகளைப் பொறுக்கிக்கொண்டே புருஷனுக்காகப் பரிந்து பேசினாள். "பழகணும்ல? பழகாம வண்டியக் குத்தம் சொன்னா எப்படி? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அடுத்த விடுமுறை நாளில் அவர் இரண்டு மரச்சட்டங்களையும், யாருடைய சோபா உறைக்கோ அவள் வைத்திருந்த அகல நாடாவையும் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். "என் இடது கால அசையாம கட்டு. கணுக்கால் மடங்கவே கூடாது."

"உங்களுக்குக் கிறுக்கா?"

"அது உனக்கு இப்பத்தான் தெரியுமா? கட்டும்மா."

கட்டினாள். கட்டுக்காலோடு மச்சான் வண்டியில் ஏறித் தெருவில் போனார். எதிர்வீட்டுப் பல் டாக்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன லிஃப்ட்காரரே, வண்டியெல்லாம் முடிஞ்சு இப்ப உங்க கால வெட்டி ஒட்டிட்டீங்களா?" என்று சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் கேட்டருகே தொம்மென்று சத்தம். அதே இடம், அதே இடது பக்கம். எழுந்து மறுபடி போனார், மறுபடி விழுந்தார். தையல்காரி மருந்துப் பஞ்சும் கையுமாகக் கேட்டிலேயே நின்றாள். முழங்கை தேய்ந்தது, தோள் கன்றியது. கடைசியில் தரையில் கிடந்தபடியே அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"நிஜமாவே கூடம்தான் கோணல்மா! வலது காலுக்கு கியரக் குடுத்தேன். பிரேக்கும் அங்கதான் இருக்கு. நிக்கும்போது தரைல ஊணவும் அதே கால்தான் வரணும். பிரேக்க விட்டா வண்டி உருளுது, விடலன்னா சாயுது. ஒரு காலுக்கு மூணு வேலை! உங்கண்ணன் சரியாத்தான் ஓட்டினார்."

பின்பிரேக்கைக் காலிலிருந்து எடுத்து இடது கைக்குக் கொண்டுவந்தார். கிளட்சுக்குக் கீழே, விரல் எட்டுகிற தூரத்தில், சின்னதாக இன்னொரு பிடி. இடது பாதம் வழுக்காமலிருக்க விளிம்பு வைத்த ஒரு தட்டு. அண்ணனுக்கு வருஷக்கணக்காக கால்சட்டை தைத்துக் கொடுப்பவள் என்பதால் தையல்காரிக்கு அவர் இடுப்பும் தொடையும் மனப்பாடம். ஸ்பாஞ்சைச் செதுக்கி, வலது கால் தரையில் நன்றாக ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தித் தைத்தாள்.

இனி பூனைக்கு மணி கட்ட வேண்டும். லிஃப்ட்காரரே மரக்கடைக்குக் கிளம்பினார். அவளும் கூடப் போனாள். அறுத்த மரத்தின் வாசனைக்கு நடுவே உட்கார்ந்திருந்த அண்ணன், மாப்பிள்ளையின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். தங்கையிடம் கேட்க வாயெடுத்தவர், நேராகவே கேட்டார்.

"என்னாச்சு?"

"உங்க வண்டிலேர்ந்து விழுந்தேன் மச்சான்."

"எத்தனை தடவ?"

"எண்ணல. எண்ணியிருந்தா மறுபடி ஏற மனசு வந்திருக்காது."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்தான். வண்டி சாயறது தெரியுது, கால் கேக்கமாட்டேங்குது."

"ஆமா" என்றார் அண்ணன். "கேக்கவே மாட்டேங்குது."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவர் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. தையல்காரி மரக்குவியலைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா வண்டிய வெட்டாம இருந்திருக்கலாம் மாப்ளே."

"இருந்திருக்கலாம் மச்சான். கேட்டிருக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. அன்று சாயங்காலமே அண்ணன் வந்தார். தெருமுனை வரை போய்த் திரும்பி, கேட்டருகே இடது கையால் பிரேக்கைப் பிடித்து, வலது காலை ஊன்றினார். வண்டி கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றது. அவர் மறுபடி கிளம்பினார். போவதும் வந்து நிறுத்துவதுமாக, பெட்ரோல் தீர்ந்து நடுத்தெருவில் வண்டி மக்கர் செய்யும்வரை ஓய்ந்தபாடில்லை. மாப்பிள்ளை தள்ள, மச்சான் மேலே உட்கார்ந்து வழி சொல்ல, இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வந்துவிடுகிறார். முன்னறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாப்பிள்ளையின் வெல்டிங்கில் நொட்டை சொல்கிறார். அவர் வண்டியைத் தெருவில் பார்த்துவிட்டு விசாரித்து வருகிறவர்கள் உண்டு. கட்டைவிரல் மடங்காத தச்சர், தோள் தூக்க முடியாத பெயிண்டர் என்று ஆள் வருகிறது.

போன வாரம் வந்தவள் ஒரு நர்ஸ். ஆள் குள்ளம். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் கால் தரைக்கு எட்டுவதில்லை.

"சக்கரத்தச் சின்னதாக்கணும்" என்றார் லிஃப்ட்காரர்.

"சக்கரத்துல கை வைக்காதீங்க மாப்ளே. ஸ்பிரிங்கக் குறைங்க."

"ஸ்பிரிங்கக் குறைச்சா பள்ளத்துல இடுப்பு போயிடும் மச்சான்."

"உங்க வெல்டிங்ல வண்டியே போயிடும்!"

நர்ஸ் பயந்து வாசலைப் பார்த்தாள். தையல்காரி இரண்டு பேரையும் கொல்லைப்பக்கம் போய்ச் சண்டை போடச் சொல்லிவிட்டு, அவளை நிற்க வைத்து இடுப்பிலிருந்து குதிகால் வரை டேப்பைப் பிடித்தாள்.

"அவங்க அப்படித்தான்மா. நீ நேரா நில்லு."

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? சீட்டு பச்சை கலர்ல கிடைக்குமா?"

"இளம்பச்சையா, கரும்பச்சையா?" என்று கேட்டுக்கொண்டே தையல்காரி துணிப்பெட்டியை இழுத்தாள்.