இடது பக்கத்து பிரேக்

அந்தக் காரில் இரண்டு பிரேக் பெடல். ஒன்று ஓட்டுகிறவருக்கு. இன்னொன்று இடது பக்கம் உட்காருகிற அக்காவுக்கு. ஓட்டுகிறவர் பெடலைவிட அக்கா பெடலின் ரப்பர்தான் சீக்கிரம் தேயும். மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். அக்கா ஜெலுத்தோங்கில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். எனக்குச் சொந்த அக்கா இல்லை. ஏழு வயது மூத்தவர், அதனால் அக்கா. கார் புதிதாக வந்த அன்றே நேராக என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெடலைப் போட்டு, பரிசோதனைக்குக் காட்டி, பயிற்சி வண்டி என்று பத்திரம் வாங்கின பிறகுதான் கார் ரோட்டில் இறங்கியது. அக்கா வேலையில் இருந்தவரை பெடல் இல்லாமல் அது ஒரு நாள்கூட ஓடினதில்லை. கம்பெனிப் பெண்கள், கடைக்காரர்கள், லைசன்ஸ் கிடைக்காமல் நாலு தடவை அழுதவர்கள் எல்லாரும் அதில்தான் படித்தார்கள். அவர்கள் பயந்து நின்ற இடத்தில் எல்லாம் அக்காவின் வலது கால் அந்தப் பெடலில் இருந்தது.

வேலையை விட்ட பிறகு அக்காவுக்கு ஒரே ஆசை. பழைய கார் கண்காட்சியில் அந்த வண்டி ஒரிஜினல் வரிசையில் நிற்கவேண்டும். பரிசு வேண்டாம், வரிசை போதும். பார்வை மங்கிவிட்டதால் நான்தான் ஓட்டுவேன். அக்கா பழக்கப்படி இடது பக்கம். பாடாங் கோத்தா திடலில் முதல் தடவை பதிவு மேசைக்குப் போனோம். சங்கத் தலைவர் குனிந்து பார்த்தார். பெடலைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“இது கம்பெனி போட்டது இல்லையே. மாத்தின வண்டி வரிசைக்குப் போங்க.”

அந்த வரிசையில் பார்த்தால் தரையை உரசுகிற கார்கள், பின்னால் முழுக்க ஸ்பீக்கர் வைத்த கார்கள். அக்கா நகரவில்லை. பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர் ஒருவர் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே கண்காட்சி நடந்தாலும் வருவார். எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம்.

“அக்கா, ரெண்டு பிரேக்கு மட்டும் எதுக்கு? ரெண்டு ஸ்டியரிங்கும் போட்டிருந்தா புருஷன் பொண்டாட்டி சண்ட போட்டுக்கிட்டே ஓட்டலாம் லா.”

“உங்க வண்டி டயரு கம்பெனி போட்டதா பாய்?”

“அது தேஞ்சுது, மாத்தினேன்.”

“அப்ப நீங்களும் என்கூட வாங்க, அந்த வரிசைக்கே போவோம்.”

பாய் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. நாங்கள் திரும்பினோம். அடுத்த வருஷமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் அக்கா பத்திரத்தை நீட்டுவார், தலைவர் சட்டத்தைச் சொல்வார், அக்கா கதவை மூடிக்கொண்டு “வண்டிய எடு” என்பார். கோபம் இருக்காது. அடுத்த கண்காட்சி எந்த மாதம் என்று வழியிலேயே கேட்பார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பாலிக் புலாவில் கண்காட்சி என்றார்கள். அதற்கு முதல் நாள் அக்கா வண்டியை என்னிடம் சர்வீசுக்கு விட்டிருந்தார். பெடலைப் பிடித்திருப்பது இரண்டு போல்ட், ஒரு கம்பி. பத்து நிமிஷ வேலை. கழற்றி மேசையில் வைத்தேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

மறுநாள் போகும் வழியில், மலை இறக்கத்தில் வளைவு திரும்பியதும் முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது. நான் பிரேக்கைத் தொடுவதற்குள் பக்கத்தில் டொக்கென்று சத்தம். அக்காவின் கால் வெறும் தரையை மிதித்திருந்தது. கார் நின்றது. அக்கா கையை நீட்டித் தரையைத் தடவினார்.

“எங்க தம்பி?”

“பட்டறையில இருக்குக்கா.”

“நான் ஜெயிக்கணும்னு உங்கிட்ட சொன்னேனா?”

நான் லாரியைச் சுற்றிக்கொண்டு பாலிக் புலாவுக்கு ஓட்டினேன்.

தலைவருக்கு அன்றைக்குச் சந்தோஷம். குனிந்தார், பார்த்தார், பேனாவை எடுத்தார். “இப்ப சரியா வந்திருக்கீங்க. ஒரிஜினல்ல எழுதுறேன்.”

“எழுதாதீங்க தலைவரே,” என்றார் அக்கா. “இதுல ஒரு சாமான் கழட்டியிருக்கு. போல்ட் ஓட்டை அங்கயே இருக்கு பாருங்க. இத்தன வருஷமா மாத்தாத வண்டி. இன்னைக்குத்தான் மாத்தின வண்டி. அந்த வரிசையில போடுங்க.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பாய் டீயோடு வந்தார். “எத்தன வருஷ சண்ட அக்கா! குடுக்கும்போது வேணாங்கிறீங்க. தலைவருக்குப் பைத்தியம் புடிக்கப் போவுது.” அக்கா டீயை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் வரை ஸ்பீக்கர் கார் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது பின்சீட்டில் ஏறினார். இத்தனை வருஷத்தில் அவர் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முன்னால் இருந்தால் கால் தேடும் என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் பட்டறை திறக்கும் முன்பே வந்து நின்றார். இரண்டு போல்ட்டையும் முடுக்கும்வரை நின்றார். பிறகு உட்கார்ந்து ஒரு தடவை மிதித்துப் பார்த்தார்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. எது எந்த வகை என்று சட்டம் எழுதுகிறவர்களுக்குக் காரணம் இருக்கும். ஆனால் ஒரு வண்டி எந்த வேலைக்காக ரோட்டுக்கு வந்ததோ, அந்த வேலையின் சாமான் அதற்குச் சொந்தம். இதை நான் ஒரு முட்டாள்தனம் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது அக்கா சிம்பாங் அம்பாட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் சுத்தமாகத் தெரியவில்லை. சாவி என்னிடம். போன வாரம் கண்காட்சிக்கு நான் மட்டும் போனேன். தலைவர் மாறிவிட்டார், சட்டம் மாறவில்லை. பத்திரத்தை நீட்டினேன், முடியாது என்றார்கள். வேறு வரிசையில் நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வீட்டுக்கு வருவதற்குள் போன் வந்தது.

“நின்னுச்சா தம்பி?”

“இல்லக்கா.”

“பெடலு?”

“இருக்கு.”

“சரி. அடுத்தது எங்க?”