நாக்கில் இரும்பு ருசி

இரும்பு எப்படி ருசிக்கும் என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். வலிப்பு வருவதற்குச் சற்று முன்னால் நாக்கில் அந்த ருசிதான் ஊறுகிறது என்று எஸ்தர் அக்கா சொன்ன அன்று, ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்துப் பார்த்தேன். துருவும் உப்பும் பல் கூசுகிற குளிர்ச்சியுமாக இருந்தது. ஓசூரில் எங்கள் வீடுகளில் இரும்புக்குக் குறைவில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சட்டையை உதறினால் லேத்துப் பட்டறையின் இரும்புப் "பிசிறு" சிமெண்டுத் தரையில் சிதறும், வெறுங்காலோடு திரிகிற எங்கள் பாதத்தில் அது ஏறாத வாரமே இல்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தொழிற்பேட்டை வேலைக்காக வந்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. எண்பதுகளின் நடுவில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்துக் கட்டிய "லைன் வீடு" ஒன்றில் குடியிருந்தோம். அடுத்த வீடு ரங்கம்மாவுடையது. புருஷன் லாரி ஓட்டினார், பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குள் தெலுங்கும் கடைத்தெருவில் கன்னடமும் எங்களிடம் தமிழுமாக, மூன்றிலும் ஒரே சத்தத்தில் பேசுகிற அந்த அம்மாளின் இடுப்பில் எப்போதும் ஒரு கனத்த சாவிக்கொத்து தொங்கும். "பூட்ட ஒரு பீரோ இல்ல, சாவி மட்டும் ஜமீனுக்கு இருக்கு" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயது. மாதம் ஒருமுறை அப்பா அவளை மாநில எல்லையான ஜூஜுவாடி வழியாகப் பஸ் ஏற்றிப் பெங்களூருக்குக் கூட்டிப்போய், ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கி வருவார். மாத்திரை ஒழுங்காக உள்ளே போன நாட்களில் அவள் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தாள். பாண்டி ஆட்டத்தில் என்னை ஏமாற்றினாள், சபையில் எல்லாருக்கும் முந்திப் பாட்டெடுத்தாள். எப்போதாவது வலிப்பு வரும். அப்படி ஒருநாள் பொதுக் குழாயடியில் வந்தபோது ரங்கம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி, தன் சாவிக்கொத்தை அக்காவின் கைக்குள் திணித்து விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் வலிப்பு அடங்கியது. தானாக அடங்கியிருக்கும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அம்மா ரங்கம்மாவின் கையைப் பிடித்து அழுதாள், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அதை நன்றியோடு எடுத்தும் சொன்னாள்.

அந்த நன்றியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

கூட்டத்தை நடத்தியவரை எல்லாரும் "பிரதர்" என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவோடு வெல்டராக இருந்து, வேலையை விட்டு ஊழியத்துக்கு வந்தவர். கெட்டவர் இல்லை, எங்களுக்காக உபவாசம் இருந்து இளைத்தவர், மழையில் சைக்கிள் மிதித்து வந்து அக்காவின் தலைமாட்டில் முழங்கால் படியிட்டவர். சாவிக் கதையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "இரும்பக் கையில குடுத்ததும் அடங்கிச்சுன்னா, அடக்குனது யாரு சிஸ்டர்? அனுப்புனவன்தானே அடக்க முடியும்?" என்றார். பிறகு, "அந்தப் பிசாசு எந்த வாசல் வழியா உள்ள வந்துச்சுன்னு பாக்கணும்" என்றார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் வாசல் தேடுவதே வேலையாயிற்று. மலைக்கோயில் தேரன்று எனக்கு வாங்கிய மண்பொம்மை, ரங்கம்மா வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொடுத்த ரவிக்கைத் துணி, அவர் யுகாதிக்கு ஒப்பட்டுப் போளி கொடுத்தனுப்பிய தூக்குவாளி என்று ஒவ்வொன்றாக வெளியே போயின. துணியையும் பொம்மையையும் முற்றத்தில் போட்டு எரித்தார்கள். பொம்மை எரியவில்லை, கறுத்து முழுசாகச் சாம்பலில் கிடந்தது. அதையும் ஓர் அடையாளமாகவே பேசினார்கள். ஒப்பட்டைத் தின்றவள் நான் என்பதால் எனக்கும் தனியாக ஜெபித்தார்கள், அதற்குப்பின் வெகுநாள் நான் என் வயிற்றைப் பார்க்கப் பயந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து உச்சிவெயில்வரை அக்காவைச் சுற்றி நின்று, "உன் பேர் என்ன, சொல்லு" என்று அவளுக்குள் இருப்பதாக நம்பிய ஒன்றை அதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் முதலில், "நான் எஸ்தர்தான்" என்றாள். பிறகு, "எனக்கும் இயேசப்பா மேல விசுவாசம் உண்டு" என்றாள். தண்ணீர் கேட்டாள். யாரோ, "உன்ன அனுப்புனது அடுத்த வீட்டுக்காரியா? ரங்கம்மாவா?" என்று கேட்டார்கள், திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் தலையை ஆட்டினாள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சாயங்காலம் பாயில் படுத்தபடி என்னிடம், "ஆமான்னாதான் விடுவாங்கட்டி" என்றாள்.

மறுநாள் அம்மா, ரங்கம்மா வீட்டுப் பக்கமிருந்த ஜன்னலை அட்டை வைத்து அடைத்தாள். குழாயடியில் அத்தனை பேர் முன்னால், "இனி எங்க நடையில கால வைக்காதீங்க. அந்தச் சாவியோட எம்பிள்ளைகிட்ட வராதீங்க" என்றாள். ரங்கம்மா பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அதே வாரத்தில், மாத்திரையையும் விசுவாசத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள முடியாது என்று பிரதர் சொல்ல, சபைக்குச் சாட்சியாக இருக்கட்டுமென்று அம்மா மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினாள். அப்பா தடுத்தார். "நீங்க அவிசுவாசமாப் பேசியே பிள்ளையைக் கொன்னுருவீக போலிருக்கு" என்றாள் அம்மா. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. அதையே விடுதலை என்று எல்லாரும் நம்பினோம், நானும் நம்பினேன்.

ஒரு பிற்பகல், அப்பா வேலையிலும் அம்மா ரேஷன் கடையிலும் இருந்தபோது, பாடம் எழுதிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "இரும்பு" என்றாள். அவ்வளவுதான். அந்த வலிப்பு நிற்கவேயில்லை. விட்டதுபோல் விட்டு, மூச்சுத் தெளியுமுன் மறுபடி பிடித்தது. நான் வெளியே ஓடி ரங்கம்மாவைக் கூப்பிட்டேன். அவர் தம் வீட்டு நடையில் நின்று என்னைப் பார்த்தார், பிறகு எங்கள் நடையைப் பார்த்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்துத் தம் வாசற்படியில் வைத்தார். "சாவி எங்கிட்ட இல்ல பாப்பா, நீயே பாரு. உங்கம்மா கேட்டா சொல்லு" என்றபடி உள்ளே வந்து, அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயோரத்து நுரையைத் தம் முந்தானையால் துடைத்தார். தெருவில் போன கம்பெனி வேனை மறித்து, அக்காவைத் தம் மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எஸ்தர் அக்கா மறுநாள் விடியற்காலையில் இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு வந்த இடத்தில் யாரோ, வீட்டில் ஒருவருக்கு விசுவாசம் குறைந்துபோனதால்தான் இப்படி ஆயிற்று என்று முணுமுணுத்தார்கள். அதுவரை பேசாதிருந்த அப்பா திரும்பினார். "சாத்தான் உண்டும்யா, நான் இல்லைன்னு சொல்லல. எம்பிள்ளை உடம்புல அவன் இல்ல. நாம ஒருத்தர ஒருத்தர் கைகாட்டுனோமே, அங்க இருந்தான். இன்னும் போகல." பிரதர் கல்லறைத் தோட்டத்துக் கேட்டருகே போய் நின்றார். பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மறுபடி வெல்டிங் வேலைக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். அம்மா ஜன்னல் அட்டையைப் பிரித்தபோது அடுத்த வீடு காலியாக இருந்தது. போச்சம்பள்ளிப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். அம்மா ஒரு முறை தேடிப் போய்வந்தாள். கண்டாளா என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் இன்றும் விசுவாசிதான். சாத்தான் என்று ஒருவன் இல்லை என்று சிரித்துத் தள்ள என்னால் முடியாது. அவனுடைய வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் வேதம் அவனைக் குற்றஞ்சாட்டுகிறவன் என்று சொல்வதை நாங்கள் எத்தனையோ முறை வாசித்தும், அவனை ஒரு பிள்ளையின் நரம்புக்குள்ளும் ஒரு சாவிக்கொத்திலும்தான் தேடினோம். ஆண்டவருக்கு முன்னால் அவன் தோற்றுப்போனவன் என்று வாயால் பாடிவிட்டு, ஆண்டவரைவிட அதிகமாக அவனைப் பற்றியே பேசினோம். ஜெபிப்பதை நான் விடவில்லை, மருந்தையும் விடமாட்டேன். இரண்டும் ஒரே கையிலிருந்து வருகிறவை என்று நம்புகிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. லைன் வீடுகள் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன, குழாயடி இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. அப்படியான ஓர் அடுக்குமாடியில்தான் நான் குடியிருக்கிறேன். போன மாதம் பள்ளிக்குக் கிளம்பிய என் மகள் படிக்கட்டில் நின்று, "அம்மா, வாய்ல ஏதோ இரும்பு மாதிரி இருக்கு" என்றாள். நான் போய்ப் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டாள்.

அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், கழுத்துப் பட்டனைத் தளர்த்தினேன், ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், இயேசுவே இயேசுவே என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கட்டு கூட்டுகிற பெண், துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, மாடிக்கதவுச் சாவியை மகளின் கைக்குள் வைத்து மூடினார். அதனால் எதுவும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அந்தக் கையை நான் விலக்கவில்லை.

மருத்துவமனையில் கண் திறந்த மகள், "இது சாத்தானாம்மா? நம்ம ஜெபக் குரூப்புல ஒரு ஆன்ட்டி ஒருதடவை அப்படித்தான் சொன்னாங்க" என்றாள். இல்லை என்றேன், இது வலிப்பு, மாத்திரை உண்டு, தினமும் போட வேண்டும் என்றேன். அவள் தலையசைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சாவியின் பல் பதிந்து சிவந்திருந்தது.

"யாரு சாவிம்மா இது?"

அடுத்த வீட்டு ரங்கம்மாவிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.