நான் மேடையில் கொன்ற பெண்

வாசகரே, இந்த வழக்கில் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். குற்றம் செய்தவனும் நானே, வாக்குமூலம் தருபவனும் நானே. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதப் பிற்பகலில், சூலூர் பேருந்து நிலையம் அருகே ஓர் இணையச் சேவை மையத்தில் நடந்தது இது.

அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். கோவை வட்டாரத்துப் பேச்சுப் போட்டிகளில் என்னை அறியாதவர் இல்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம். ஓர் இடத்துக்குப் பல பேர் மோதும் சட்டக் கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்வில் தேறிவிட்டேன். எஞ்சியது, விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய ஒரு பக்கக் கட்டுரை: 'உங்கள் ஊரில் நிகழ்ந்த ஓர் அநீதி'. தமிழிலும் எழுதலாம். அன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும்.

எனக்குக் கவலையே இல்லை. கைவசம் ஒரு கதை இருந்தது. சூலூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில், தறியின் பல்சக்கரத்தில் சிக்கி ஒரு பெண் விரலை இழந்ததாகப் பேருந்தில் யாரோ பேசக் கேட்டிருந்தேன். முதல் மேடையில் ஒரு விரல் என்றே சொன்னேன், அவையில் சலனமில்லை. அடுத்த மேடையில் மூன்று விரல்கள். ஈரோட்டுப் போட்டியில் முழுக் கையையும் எடுத்தேன்; இரண்டாம் பரிசு. இறுதிச் சுற்றில் அவளைக் கொன்றேவிட்டேன், முதல் பரிசு. கேட்பவர்கள் நம்ப வேண்டுமே என்று, கூடம் இருந்த தெருவையும், அவள் கிணத்துக்கடவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதையும் மட்டும் மாற்றாமல் வைத்திருந்தேன்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேசித்தான் பழக்கம். ஆகவே மையத்தில் இருந்த அக்காவைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு, எழுந்து நின்று, எதிர்ச் சுவரை அவையாக எண்ணி முழங்கினேன். சான்றிதழுக்குக் காத்திருந்த நாலைந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அந்தப் பெண்ணின் மரணத்தோடு நான் முடித்தபோது, ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா கடைசிச் சொல்லையும் அடித்து முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, நான் செத்து எத்தனை மாசம் ஆச்சுங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் இடக்கையை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தார். மோதிர விரல் இருந்த இடத்தில் ஒரு சிறு மேடு மட்டுமே இருந்தது. அரை மணி நேரமாக அந்தக் கைகள்தான் என் சொற்களைத் தட்டிக்கொண்டிருந்தன. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"செத்தும் ஸ்பீடு கொறையலீங்களே அம்மணி" என்றார் துண்டுக்காரர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அக்கா திரையைக் காட்டினார். கட்டுரையின் கீழே, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்றொரு வரி. அருகே ஒரு காலிக் கட்டம்.

"டிக் போட்டுரட்டுங்களா?"

மணி நாலே கால். வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்றேன். உண்மையில் என்ன நடந்தது என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். முதலாளியே தன் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாராம். புண் ஆறியதும் அக்கா கணினி வகுப்பில் சேர்ந்து, இந்த வேலைக்கு வந்துவிட்டார். இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை என்றார். ஆனால், அந்தப் பல்சக்கரத்துக்கு ஒரு தகர மூடி போடச் சொல்லி, விபத்துக்கு முன்பே அங்கிருந்த பெண்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

"இன்னைக்கும் மூடி போடலீங்க. அதே தறியில இப்ப வேற ஒரு பொண்ணு நிக்குது. நீங்க என்னையச் சாவடிச்சுப்போட்டீங்க. கேக்கறவிங்க எனக்கு அழுதுபோட்டுப் போயிருவாங்க. அந்தப் பொண்ண ஆருங்க பாக்கறது?"

அவர் உயிரோடு இருப்பதைக் கண்டபோது வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. அத்தனை மேடைகள், அத்தனை கைதட்டல்; மூடி என்ற சொல்லை ஒருமுறையும் நான் உச்சரித்ததில்லை.

மறுபடி சொல்லத் தொடங்கினேன். இம்முறை உட்கார்ந்து, அவர் கைகளைப் பார்த்தபடி. ஒரு விரல், ஒரு மூடி, இப்போது அங்கே நிற்கும் பெண். அந்த விரலை வைத்து நான் சொன்ன பொய்களையும் சேர்த்தேன். நடுவில் இரண்டு இடங்களில் அக்கா திருத்தினார். ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தது.

இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். காத்திருப்போர் பட்டியலில் நெடுநாள் நின்று, கடைசி அழைப்பில் உள்ளே நுழைந்தேன். அந்தத் தறிக்கு மூடியும் வந்தது, நான் சொல்லி அக்கா தட்டச்சு செய்து அதிகாரிகளுக்கு அனுப்பிய மூன்றாவது மனுவுக்குப் பிறகு.

ஆனால் நீங்கள் சாட்சியாக வேண்டியது அன்று மாலை நடந்ததற்குத்தான். கிளம்பும்போது அக்காவிடம் தாழ்ந்த குரலில் ஒரு வாக்குக் கொடுத்தேன்.

"இத்தன நேரம் அவ்வளவு சத்தமாப் பேசுனீங்க. இது மட்டும் காதுல உழுகலீங்களே" என்றார்.

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் கேட்க உரக்கச் சொன்னேன். இன்று நீங்களும் கேட்கச் சொல்கிறேன்:

"இனி ஆரைப் பத்திப் பேசுனாலும், மொதல்ல அவங்களப் போயிப் பாத்துட்டுத்தான் பேசுவேனுங்க அக்கா."