மறியல் நாளும் என் லீவுச் சம்பளமும்

"கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புப்பா" என்று முதலாளி வவுச்சரை என் பக்கம் தள்ளினார். ரெவின்யூ ஸ்டாம்ப் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. கள்ளக்குறிச்சி–திருக்கோவிலூர் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். வண்டியைப் பெர்மிட்டோடு வடக்கனந்தல்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டதால் அன்றோடு எனக்கு வேலை இல்லை.

வவுச்சரில் அந்த மாதச் சம்பளம் மட்டும் இருந்தது. வேலையை விட்டு நிற்கிறவர்களுக்கு எடுக்காத லீவுக்கும் சம்பளம் போட்டுத் தருவது எங்கள் கம்பெனி வழக்கம். தங்கச்சி கல்யாணக் கடனுக்கு நான் நம்பியிருந்தது அந்தப் பணத்தைத்தான்.

"லீவுச் சம்பளம் எங்கீங்க முதலாளி?"

"இன்னா லீவு? மறியல்ல வண்டி ஓடாத நாளெல்லாம் லீவுல கழிஞ்சிபோச்சி. வூட்ல தூங்கிக்கினு இருந்ததுக்குக் கூலியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் வண்டி முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மாட்டிக்கொண்டது. பயணிகள் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். டிரைவருக்குக் காய்ச்சல் என்பதால் அவரையும் அனுப்பிவிட்டேன். வழியில் நின்ற வண்டியைக் கண்டக்டர் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். ரோடு திறக்கும்வரை பொரியும் டீயும்தான் சாப்பாடு. கல்லோடு வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பெயர்தான் லீவாம்!

கையெழுத்துப் போட மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி அதட்டினார், பிறகு ஸ்டாம்ப் வீணாகுது என்றார். நான் நகரவில்லை.

வண்டியை வாங்கியவர் சாவிக்காக உள்ளே வந்தார். முதல் நாள் அவர்கள் விலை பேசியபோது நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"அண்ணே, நேத்து வெல பேசறப்போ மறியலப் பத்தி முதலாளி இன்னா சொன்னாரு, சொல்லுங்க."

"ஒரு கண்ணாடி ஒடையல, எங்க கண்டக்டரு வண்டிய வுட்டு நகரவே இல்லன்னாரு. அதுக்கோசரந்தான் ஜாஸ்தி குடுத்தேன். ஏன், பொய்யா?"

பொய் என்றால் வண்டி விலை குறையும், நிஜம் என்றால் என் லீவைத் தொட முடியாது. முதலாளி வவுச்சரை இழுத்து, லீவுச் சம்பளத்தையும் சேர்த்து எழுதினார். பணம் கைக்கு வந்த பிறகே ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டேன்.

வேலை போகிற நாளில் அழுகையும் வரும், ஆத்திரமும் வரும். எது வந்தாலும் பேனாவை மட்டும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்.

வெளியே வந்ததும் வடக்கனந்தல்காரர் தோளைத் தட்டினார்.

"எங்கிட்டயே வரியாப்பா?"

"வரேங்க. வழியில வண்டி நின்னா அது லீவா, வேலையா? அத மொதல்ல சொல்லுங்க."