நத்தை கிடைக்காத கோடை

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நேற்றுவரை இருந்தேன். நத்தையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன் என்று தெரிந்தால் எங்கள் தெரு டீக்கடையில் என்னை உட்காரவே விடமாட்டார்கள். போதாக்குறைக்கு, பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாம் வகுப்போடு இரண்டு தரப்பும் நிம்மதி அடையும்படி பிரிந்துவிட்டதால், பேனாவைப் பிடித்தாலே எனக்கு விரல் கோணிக்கொள்கிறது. ஆனால் நேற்று வறுத்த வேர்க்கடலையைப் பல்லால் உடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஓடு 'கடக்' என்றது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் எனக்குக் கடலை இறங்கவில்லை.

அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் மார்கழியிலிருந்து கோடை வரைக்கும் கேட்டது. அது கேட்டுக்கொண்டிருந்தவரைக்கும் என் மாமா எங்களோடு இருந்தார்.

மாமா என்றால் ரங்கா மாமா, அம்மாவின் ஒரே தம்பி. நாங்கள் இருந்தது செங்கல்பட்டு ரயில்வே குவார்ட்டர்ஸில். எங்கள் அப்பாவை நாங்கள் 'நைனா' என்று கூப்பிடுவோம். அவர் கூட்ஸ் வண்டியில் கார்டு. வண்டியில் அவரிடம் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் இருந்திருக்கும், ஆனால் வீட்டுக்கு வரும்போது சிவப்பை மட்டும்தான் கொண்டுவருவார். அவர் கை ஓங்கும்போதெல்லாம் நடுவில் வந்து நின்று, என் முதுகுக்கு வரவேண்டியதில் பாதியைத் தன் தோளில் வாங்கிக்கொள்பவர் ரங்கா மாமா. அப்படிப்பட்டவர் வீட்டில் இருக்கவேண்டும் என்று நான் ஏன் தவித்தேன் என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

மாமா பட்டணத்தில் ஒரு வண்ணமீன் கடையில் கொஞ்ச காலம் எடுபிடியாக இருந்துவிட்டு, ஒரு நாள் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். கூடவே ஒரு தூக்குச் சட்டியில் பட்டம் மாதிரி தட்டையான இரண்டு 'ஏஞ்சல்' மீன்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே குடிவருகிற ஆபீசர் வீடுகளுக்கெல்லாம் மீன் குஞ்சு கொடுத்தே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. நைனா தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இன்னா மச்சான், பொங்கலுக்குள்ள குஞ்சு வரணும். வர்லன்னா மதுராந்தகம் ரைஸ் மில்லு. எங்க பெரிப்பா மவன் மூட்ட தூக்க ஆளு தேடிகினே கீறான்."

மாமா 'ஆவட்டும் மாமா' என்று தலையாட்டினார். மாமாவுக்கு ஒரு பக்க நுரையீரல் சின்ன வயதிலேயே கெட்டுப்போனது. தவிட்டுத் தூசி பட்டால் விடிய விடிய இழுக்கும். அம்மா நைனாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

மீன் ஒளிந்துகொள்ளப் பச்சை வேண்டும் என்று, குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த குட்டையில் இறங்கி வேலம்பாசி பிடுங்கிவந்து தொட்டியில் நட்டோம். சில நாளில் கண்ணாடியின் உட்பக்கத்தில், ஜவ்வரிசியைக் கூழாக்கித் தடவியது போல, பளபளவென்று சொட்டுச் சொட்டாக ஒட்டியிருந்தது. மாமா பார்த்தார். உற்றுப் பார்த்தார். அப்புறம் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். மீன் கடையில் அவர் வேலை தண்ணீர் சுமப்பது மட்டும்தான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. முட்டை வந்துவிட்டது என்று அம்மா பாயசம் வைத்தாள். நைனாகூட இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார். தொட்டிக்குப் பக்கத்தில் யாரும் இருமக்கூடாது என்று மாமா உத்தரவு போட்டார். அத்தனை மரியாதையோடும் பொரித்து வெளியே வந்தவை நத்தைகள்.

"ஆபீசரு வூட்டுல நத்த வாங்குவாங்களான்னு கேட்டுகினு வா மச்சான்," என்றார் நைனா.

அதோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று. நத்தை என்று சொன்னால் நீங்கள் வயலில் கிடக்கும் பெரிய நத்தையை நினைப்பீர்கள். இவை மிளகளவு. கண்ணாடியை ஒரு பக்கம் துடைத்தால் மறுபக்கம் அம்மை போட்டதுபோல் அப்பிக்கொண்டிருக்கும். ஊர்ந்த இடமெல்லாம் கோடு. கையால் பொறுக்கினோம், நசுக்கினோம், வெயிலில் கொட்டினோம். பொழுதுசாய கோசு இலை ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, விடிந்ததும் இலையோடு தூக்கி எறிந்தோம். ஒரு இலையில் நூறு போனால் மறுநாள் இலைக்கு இருநூறு காத்திருந்தது. தொட்டியைக் காலி செய்து கல்லைக்கூட வெந்நீரில் போட்டோம். பாசியின் கணுவில் எங்கேயோ ஒட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னாலேயே அவை திரும்பக் குடிவந்தன. மயில்துத்தம் போட்டால் ஒன்றுகூட மிஞ்சாது என்று குத்தகைக்குப் பயிர்வைக்கிற ஒருவர் சொன்னார். மீன் மிஞ்சுமா என்று மாமா கேட்டார். சொன்னவர் வானத்தைப் பார்த்தார்.

அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே ஓங்கரிப்பு. "நாஸ்தா எறங்கல ரங்கா, இன்னா கருமம் இது," என்பாள். சொல்லிவிட்டு அவளே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இடது கையால் நாலு நத்தை பொறுக்குவாள். சந்தோஷப்பட்டவர் எதிர் வீட்டு போஸ்ட்மேன் ஒருவர்தான். மூலத்துக்கு நத்தைக் கறி நல்லது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். "இத்துனூண்டா கீதே, கொழம்புக்குத் தேறாது," என்று விரலில் வைத்துப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு போனார்.

மார்கழியில் நிஜமான முட்டை வந்தது. செங்குத்தான பலகையில்தான் ஏஞ்சல் முட்டையிடும் என்று மாமா எங்கேயோ விசாரித்துவந்து, என் சிலேட்டைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்தார். அதுவரை அந்தச் சிலேட்டில் முட்டை வாங்கியவன் நான் ஒருவன்தான். இப்போது வரிசை வரிசையாக, ஊசிமுனை அளவில், எச்சில் நிறத்தில் மணிகள். இரண்டு மீனும் மாறி மாறித் துடுப்பால் விசிறின. மாமாவும் நானும் எதிரில் உட்கார்ந்து, சிலேட்டின் மேல் ஏறும் நத்தைகளைத் துடைப்பக்குச்சியால் தள்ளிக்கொண்டே இருந்தோம். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார்கள். மாமா தண்ணீர் குடிக்க எழுந்த நேரமோ, கண்ணசந்த நேரமோ தெரியாது. நான் திரும்பி வந்தபோது சிலேட்டு சுத்தமாக இருந்தது. அதன்மேல் நத்தைகள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. மாமா சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கேலி செய்யலாம் என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி நடந்தது கொஞ்சந்தான்.

பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. நான் என் கூட்டாளி தேசிங்குவிடம் போய் அழுதேன். தேசிங்கு புதுப்பட்டினத்துக் கடற்கரைப் பையன். செங்கல்பட்டில் அத்தை வீட்டில் தங்கி, என் பெஞ்சில் உட்கார்ந்து, என்னைவிட மோசமாகப் படித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "த்தூ, இதுக்கா அழுவுற? பேத்த ஒண்ண வுடு. கர கரன்னு துன்னுடும்," என்றான்.

பேத்தை என்பது வயிறு பெருத்த ஒரு மீன். வலையில் வந்தால் கரையில் வீசிவிட்டுப் போவார்கள். சாப்பிட்டால் விஷம். கையில் எடுத்தால் காற்றைக் குடித்துப் பந்தாக உப்பிக்கொள்ளும். பல் கிளியின் அலகு மாதிரி. வலை நூலையே நறுக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவன், கடலோரமாக ஓடுகிற பக்கிங்காம் கால்வாயில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்றைப் பிடித்து, தண்ணீரோடு தூக்குச் சட்டியில் போட்டு பஸ்ஸில் எடுத்துவந்தான். பச்சை முதுகில் கறுப்புப் பொட்டு. "காவாத் தண்ணியில பொறந்தது. ஒரு கை கல்லுப்பு போட்டு வெய்யி, பொழச்சிக்கும்," என்றான். அம்மா, விஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் தண்ணீர்க் குடத்தையெல்லாம் வேறு அறைக்கு மாற்றினாள்.

பேத்தை தொட்டிக்குள் இறங்கி, கண்ணை மட்டும் உருட்டி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. அப்புறம் ஒரு நத்தைக்கு முன்னால் போய் நின்றது. தலையைச் சாய்த்தது. 'கடக்.' உடைந்த ஓடு சுழன்று சுழன்று கீழே இறங்கியது. மாமா என் தோளைப் பிடித்த பிடியில் எனக்குத் தோள்பட்டை கன்றிப்போனது. டூட்டி முடிந்து வந்த நைனா, சட்டையைக் கழற்றாமல் அப்படியே நின்று பார்த்தார். 'கடக்.' "எங்க டிராபிக் இன்ஸ்பெக்டர் மாரியே மொறைக்கிறான் பாரு," என்றார். அன்றிலிருந்து அவர் டீயைத் தொட்டிக்கு எதிரில்தான் குடித்தார்.

பத்து நாளில் கண்ணாடி பளிங்காகிவிட்டது. நாங்கள் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான்: நத்தை தீர்ந்தால் அது எதைத் தின்னும்? போகிக்கு முந்தின நாள் ஏஞ்சல்களின் வால் நறுக்கியது போல் இருந்தது. பேத்தையைப் பிரித்துவிட மாமா வீட்டிலிருந்த ஒரே அண்டாவைக் கேட்டார். பொங்கல் வேலைக்கு வேண்டும், மறுநாள் தருகிறேன் என்றாள் அம்மா. மறுநாள் காலையில் இரண்டு ஏஞ்சலும் செதிலும் முள்ளுமாக அடியில் கிடந்தன. பேத்தை நடுவில் மிதந்து கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது.

பொங்கலன்று மத்தியானம் டூட்டி முடிந்து நைனா வந்தார். மாமா தன் தகரப்பெட்டியை ஏற்கெனவே கட்டிலுக்கடியிலிருந்து வெளியே இழுத்து வைத்திருந்தார். அம்மா பொங்கல் கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். நைனா தொட்டியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"ஏஞ்சலு எங்க?"

மாமா பேத்தையைக் காட்டினார். நைனா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே தங்கப்பல் ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இவனுக்கு யாரு தீனி போடறது?"

"நான்தான் மாமா."

"அப்ப போடு. இவன் கீற வரிக்கும் நீயும் இரு."

அதுவரை நத்தையை ஒழிக்கத் தவித்தவர்கள், அந்த நிமிஷத்திலிருந்து நத்தையைத் தேடித் தவித்தோம். தொட்டியில் ஒன்றுகூட மிச்சமில்லை. மாசியில் கஷ்டமில்லை, குட்டையில் ஒரு கை பாசியை அலசினால் ஒரு வேளைக்குத் தேறும். பங்குனியில் குட்டை கலங்கி, வற்றி, வெடித்தது. வாய்க்காலுக்குப் போனோம். வாய்க்காலும் காய்ந்ததும், மாமாவும் நானும் சைக்கிளில் கொளவாய் ஏரிக்குப் போய், பின்வாங்கிய தண்ணீரின் ஓரமாக முழங்கால் சேற்றில் பகலெல்லாம் துழாவினோம். எதிர் வீட்டு போஸ்ட்மேனும் பை எடுத்துக்கொண்டு அங்கே வருவார். அவருக்கு மூலம், எங்களுக்கு மாமா. நான் அவர் பையிலிருந்து திருடியும் இருக்கிறேன். வெறுங்கையோடு திரும்பும் நாட்களில் அம்மா எங்கள் கையைத்தான் முதலில் பார்ப்பாள். ஒரு காலத்தில் ஓங்கரித்தவள், கீரைக்காரியிடம், "தண்டுல நத்த இருந்தா கழுவாத எடுத்துகினு வா, புண்ணியமா போவும்," என்று கெஞ்சுவதை என் காதால் கேட்டேன்.

கத்திரி வெயிலில் சின்ன நத்தை அறவே இல்லாமல் போனது. சேற்றின் அடியில் புதைந்திருந்த பெரிய நத்தைகளைக் கல்லால் உடைத்து, சதையை நறுக்கிப் போட்டோம். பேத்தை தின்றது. ஆனால் சத்தம் வரவில்லை. நைனாதான் முதலில் கவனித்தார்.

"ரங்கா, இவன் பல்லு நீண்டுகினே போவுது பாரு."

கடிக்க ஓடில்லாமல் மேல் அலகும் கீழ் அலகும் வளர்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வாய் திறக்கமுடியாமல் போயிருந்தது. சதைத்துண்டை மோதிப் பார்த்துவிட்டு விலகிப்போகும். வயிறு ஒட்டிவிட்டது. ஒரு நாள் காலை, நைனா லீவு சொல்லிவிட்டு நகவெட்டியை எடுத்தார். அவர் டீ வடிகட்டியால் மீனைத் தூக்கி உள்ளங்கையில் பிடித்துக்கொள்ள, மாமா பல்லை வெட்டவேண்டும்.

"கை நடுங்கக்கூடாது, மச்சான்."

"இல்ல மாமா."

முதல் தடவை நகவெட்டி வழுக்கியது. இரண்டாவது தடவை பல்லின் நுனி தெறித்தது. அதற்குள் பேத்தை பயந்து காற்றைக் குடித்து, நைனாவின் கையில் எலுமிச்சம்பழம் மாதிரி உப்பிவிட்டது. அவசரமாகத் தண்ணீரில் விட்டோம். வயிறு மேலாக மிதந்தது. அந்தக் காற்று வெளியே போனால் பிழைத்துக்கொள்ளும். நாலு பேரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. நைனா ஒரு விரலால் அதன் வயிற்றை, தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல் மெதுவாக அழுத்தினார். அடுப்பில் சோறு தீய்ந்த வாசனை வந்தது. யாரும் போகவில்லை.

காற்று போகவேயில்லை.

நைனா கையைக் கழுவிக்கொண்டு வந்து, துண்டில் துடைத்து, நெடுநேரம் துடைத்து, "மில்லுல வாசப்பக்கம் எடைக்கல்லுகிட்ட போடச் சொல்றேன். தூசி கம்மியா இருக்கும்," என்றார். மாமா தகரப்பெட்டியை இழுத்தார்.

இன்றைக்கு அந்தக் குட்டையைத் தூர்த்து அதன்மேல் புது குவார்ட்டர்ஸ் கட்டிவிட்டார்கள். தொட்டியின் கண்ணாடி உடைந்து, இரும்புச் சட்டம் மட்டும் போஸ்ட்மேன் வீட்டில் கோழி அடைக்க உதவுகிறது. நைனா இப்போதெல்லாம் நகத்தை பிளேடால்தான் வெட்டுகிறார். மாமா மில்லிலேயே இருக்கிறார்; தீபாவளிக்கு வரும்போது புருவமெல்லாம் தவிடு, நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். என்னைப் பார்த்தால் இன்னும் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

தேசிங்கு இப்போது கட்டுமரத்தில் போகிறான். இன்று மீன் கொண்டுவந்தவனை உட்காரவைத்து, இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். கடைசியில், "நீ மட்டும் அந்தப் பேத்தைய எடுத்தாராம இருந்திருந்தா ஏஞ்சலு பொழச்சிருக்கும், மாமாவும் போயிருக்க மாட்டாரு," என்றேன். அவன் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

"போடா, அது வர்லன்னா உன் மாமன் பொங்கலன்னிக்கே மூட்ட தூக்கப் பூட்டிருப்பாரு."