வலது கைக்கு மட்டும் ஒரு கிரீம்

இன்று புதுச்சத்திரம் மருந்துக்கடையில் எனக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர். இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினார். இடது கை மாநிறம். வருடக்கணக்காக ஜன்னலோர வெயிலைத் தின்ற வலது கை, வேறு யாருடையதோ போலக் கறுத்திருந்தது.

"ஏனுங்க, இந்த ஒரு கைக்கு மட்டும் வெளுக்கிற கிரீம் இருக்குங்களா? ஞாயித்துக்கிழமை எனக்குப் பொண்ணு பாக்கப் போறமுங்க."

கடைக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு நாள்ல வெளுக்க வெக்கறதெல்லாம் தோலை அரிச்சுப்போடும் சாமி. டாக்டர் எழுதித் தராம நான் தரமாட்டேன். சன்ஸ்கிரீன் தாரேன், முழுக்கைச் சட்டை போட்டு ஓட்டுங்க. மெதுவாத்தான் மாறும்."

டிரைவர் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்படீன்னா இடது கையைக் கறுப்பாக்க ஏதாச்சும் இருக்குங்களா?"

"அதுக்கு மருந்து எதுக்குங்க? ஒரு மாசம் அந்தப் பக்கம் கிளீனர் சீட்ல ஒக்காந்து போங்க."

நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அந்த அம்மா திரும்பினார். "உனக்கென்ன கண்ணு வேணும்?"

ஏழே நாளில் முகத்தை வெளுப்பாக்கும் கிரீமின் படம் என் கைபேசியில் தயாராக இருந்தது. அணைத்தேன்.

"இருமல் மிட்டாய்ங்க."

இப்போது வீட்டில் பத்து இருமல் மிட்டாய்கள் இருக்கின்றன. யாருக்காவது இருமல் இருந்தால் சொல்லுங்கள்.