பலகை போட்டால் ஏறுகிறேன்

நியூயார்க்கின் பிராட்வேயில் முப்பத்தெட்டு மாடிக்கு இரும்புச் சட்டம் எழும்பிக்கொண்டிருந்த 1911இல், அதன் உச்சியில் தகர டப்பாவோடு நின்றவர் லியாண்டர் வேக்கம். கனடாவை ஒட்டிய நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்காரர். பன்னிரண்டு வயதிலேயே பாய்மரம் ஏறியவருக்கு உயரம் ஒரு பொருட்டல்ல.

உலைக்காரர் ஆஸ்கர் சிவக்கக் காய்ச்சி எறியும் ரிவெட் ஆணியை முப்பதடி தள்ளி நின்று டப்பாவில் பிடிக்க வேண்டும். இடுக்கியால் எடுத்துத் துளையில் செருக வேண்டும். ஒருவர் முட்டுக்கொடுப்பார், இன்னொருவர் அடித்து முடிப்பார். நாலு பேரும் ஒரு செட். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்ற மூவரும் வீட்டில்தான். புது ஆளின் கையை நம்பி யார் நெருப்பை எறிவது?

தவறி விழுவது தெரு வரை போகாதிருக்க, வேலை நடக்கும் மாடிக்கு நேர்கீழ்த் தளத்தில் சட்டப்படி பலகை பரப்பியிருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மாடி ஏற்றும் அவசரத்தில் மேஸ்திரி ரஸ்க் அதை விட்டுவிட்டார். லியாண்டர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அக்டோபர் காற்றில் ஒரு ரிவெட் தப்பியது. இருபத்தேழு மாடி விழுந்து, வாசலில் நின்ற முதலாளியின் காரின் கூரையைத் துளைத்து இருக்கையில் கிடந்து புகைந்தது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை.

மேஸ்திரி மூச்சிரைக்க ஏறி வந்தார். "டப்பாவைக் கீழ வைய்யா. நாளையிலேருந்து என் மச்சான் பிடிப்பான்."

"பிடிக்கட்டும். எறியறது யாரு?" என்றார் லியாண்டர்.

"நான் இல்ல," என்றார் ஆஸ்கர். "உங்க மச்சான் சூப்பையே சிந்தாம குடிக்க மாட்டாரு, மேஸ்திரி." சொல்லிக்கொண்டே உலையில் தண்ணீரை ஊற்றினார்.

நாலு பேரும் இறங்கினார்கள். அதைப் பார்த்த மற்ற செட்டுகளும் ஒவ்வொன்றாகச் சுத்தியலை வைத்தன. மாதக்கணக்கில் சத்தத்துக்குப் பயந்து சாத்தியிருந்த எதிர் ஆபீஸ் ஜன்னல்கள் திறந்தன. என்ன ஆயிற்று என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். முதலாளியும் அதையேதான் கேட்டார்.

மதியம், நாலு பேரும் பீரும் பன்றி இறைச்சியுமாக உட்கார்ந்திருந்த கடைக்கு மேஸ்திரி வந்தார். மச்சான் விஷயத்தை விட்டுவிடலாம், ஏறி வாங்க என்றார்.

"பலகை போடுங்க. போட்டா ஏறறேன்," என்றார் லியாண்டர்.

"நீ சொல்லி நான் கேக்கணுமா?"

"தப்புனது என் கையால. தெரு வரைக்கும் போனது நீங்க விட்ட ஓட்டையால. மூடுங்க."

மூன்று மணிக்குள் பலகைகள் ஏறின. அதன் பிறகுதான் லியாண்டர் ஏறினார்.

அடுத்த வாரம் மறுபடி காற்று. மறுபடி ஒன்று தப்பியது. பலகையில் தொப்பென்று விழுந்து, மேஸ்திரியின் பூட்ஸுக்கு அருகில் புகைந்தது.

"கொஞ்சம் மிதிச்சு அணைச்சிடுங்க, மேஸ்திரி," என்று மேலிருந்து சொல்லிவிட்டு, லியாண்டர் அடுத்ததற்கு டப்பாவை நீட்டினார்.